அடுத்த கடைக்குப் போகும் பொத்தான்

என்னிடம் வேலைக்குச் சேருகிற பிள்ளைகள் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்டுவிடுவார்கள். "மேடம், இந்த கஸ்டமர் சைட்டை எத்தனை பேர் பாத்திருக்காங்கன்னு எடுத்துக் காட்டினா அசந்துருவார் இல்ல?" கேட்டதும் எனக்குச் சிரிப்பு வரும். சிரிப்பை அடக்கினால் கோபம் வரும். "காட்டறதுக்கு முன்னாடி அதுல நீ எத்தனை, அவரு எத்தனைன்னு பாரு" என்பேன். இந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு என்பது போல ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கதை சொல்ல எனக்கு இனிப் பொறுமை இல்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

1. மிளகுக் கடையின் முன்பாதி

என் பெயர் ஜமீலா. சொந்த ஊர் சேந்தமங்கலம். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தாவுக்கு மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி விற்கிற வியாபாரம். கொல்லிமலைமேல் செம்மேட்டில், பஸ் நிற்கிற இடத்தை ஒட்டி அவருக்கு ஒரு கடை இருந்தது. நாமக்கல்லில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்துவிட்டு வீட்டில் எல்லோரிடமும் சண்டை பிடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "கடையில முன்பாதி சும்மாதானே கெடக்குது, உன் பொட்டியை அங்க கொண்டாந்து வெச்சுக்கம்மா" என்று அவர்தான் சொன்னார். இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருந்த சமயம். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஸ்கேனர், ஒரு மோடம். 'இன்டர்நெட், டி.டி.பி., ஜெராக்ஸ்' என்று போர்டு எழுதி மாட்டினோம். காலையில் முதல் பஸ்ஸில் அத்தாவும் நானும் மலை ஏறுவோம், சாயங்காலப் பஸ்ஸில் இறங்குவோம்.

முதல் நாள் மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தி லைன் பிடித்தபோது, பின்பக்கம் மூட்டை தைத்துக்கொண்டிருந்த அத்தா கோணி ஊசியோடு ஓடி வந்தார். "என்னம்மா, எதுலயாச்சும் விரலைக் கொடுத்துட்டியா?" என்று என் கையைப் பிடித்துப் பார்த்தார். அன்றைக்கு வந்தவர்களில் எல்லோரும் ஜெராக்ஸுக்கு வந்தவர்கள். இன்டர்நெட் கேட்டு ஒருவரும் வரவில்லை. மிளகுத் தூசி கீபோர்டுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. டைப் அடிக்க உட்கார்ந்தவள் தும்மித் தும்மி ஓய்ந்தேன்.

முதலில் தேடி வந்தவர் காளியப்பன் அண்ணன். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஆறு ரூம் உள்ள லாட்ஜ் அவருடையது. அருவி பார்க்க வருகிறவர்கள் குளித்துவிட்டு அன்றைக்கே கீழே இறங்கிவிடுவார்கள். ஆடித் திருவிழா தவிர ரூம் நிறைந்ததாக எனக்கு நினைவில்லை.

"ஏங்கண்ணு, இந்தப் பொட்டிக்குள்ள நம்ம லாட்ஜ் போர்டை மாட்ட முடியுமா?" என்றார்.

"மாட்டலாமுங்கண்ணா. மெட்ராஸ்ல உக்காந்துக்கிட்டே பாக்கலாம்."

"அப்ப மாட்டிரு."

கேமராவை எடுத்துக்கொண்டு போனேன். லாட்ஜின் முன்பக்கம் யாருடையதோ லுங்கிகள் வரிசையாகக் காய்ந்தன. ஒரு ஆடும் கட்டியிருந்தது. எந்தக் கோணத்தில் எடுத்தாலும் ஆடு வந்து நின்றது. அண்ணனின் மனைவி பொன்னம்மாள் அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "அதை எதுக்குப் புடிக்கறே, பின்னால வா கண்ணு" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். பின்பக்கம் ரூம் ஜன்னல்களை ஒட்டி சில்வர் ஓக் மரங்கள். ஒவ்வொன்றிலும் அடியிலிருந்து தலை எட்டும் உயரத்துக்கும் மேலே மிளகுக் கொடி. கல்யாணமாகி வந்த வருடம் அவரே நட்டுத் தண்ணீர் ஊற்றிய கொடிகள். ஒரு கொடியைக் கையில் ஏந்திக்கொண்டு, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாத முகத்தோடு நின்றார். அந்தப் படத்தை ஸ்கேன் செய்து லாட்ஜின் ஹோம் பேஜில் போட்டேன். அந்தக் காலத்தில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் தமிழ் எழுத்து தெரியாது. அதனால் எழுத வேண்டியதை எல்லாம் எழுதி, அதையும் படமாக்கிச் சேர்த்தேன்.

2. யார் முதலில்

லாட்ஜுக்கு ஒரு வெப் பக்கம் வந்ததும் இன்னும் மூன்று பேருக்கு ஆசை வந்தது. அரியூர் நாட்டிலிருந்து (மலையில் ஊர்த் தொகுதியை நாடு என்பார்கள்) தேனும் சாமை, தினையும் கொண்டுவந்து விற்கிற செல்லம்மாக்கா. அருவிக்கும் கோயிலுக்கும் ஜீப் ஓட்டுகிற மணி. மூன்றாவது என் அத்தா. "மிளகு வாங்கறவன் கடிச்சுப் பாத்துத்தான் வாங்குவான், எனக்கெதுக்கு" என்று ஒரு மாதம் பேசிவிட்டு, ஒரு நாள் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து படம் எடுக்க வந்து நின்றார்.

தனித்தனியாக நாலு பக்கம் கிடந்து என்ன பிரயோசனம்? லாட்ஜைப் பார்க்க வந்தவருக்குத் தேன் தெரிய வேண்டும், தேன் பார்க்க வந்தவருக்கு ஜீப் தெரிய வேண்டும். ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் சின்னச் சின்னக் கடைக்காரர்கள் ஒருவர் சைட்டை ஒருவர் தாங்கிப் பிடிப்பது பற்றிப் படித்திருந்தேன். 'கொல்லிமலைக் கடைகள்' என்று ஒரு பட்டியல் பக்கம் செய்து நாலு பேரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அங்கே ஆரம்பித்தது வம்பு.

"ஏங்கண்ணு, எடப்புளி நாட்டுக்காரன் எம்பேரு ரெண்டாவதா இருக்குது?" என்றார் காளியப்பன் அண்ணன். "திருவிழாவுல எங்களுக்குத்தான் முதல் மரியாதை. தெரியுமில்ல?"

"அது உங்க கோயில்ல. எங்கூர்க் கோயில்ல எங்களுக்குத்தான்" என்றார் செல்லம்மாக்கா. "பொட்டிக்குள்ள எந்தக் கோயிலு இருக்குது?"

மாற்றிப் போட்டேன். மாற்றியதை மறுபடி மாற்றினேன். சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்று மணி சொன்னான். யாரும் சீட்டில் நம்பிக்கை வைக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் பட்டியலையே அழித்துவிட்டேன். பிறகுதான் அந்தப் பத்திரிகையில் படித்த இன்னொரு முறை நினைவுக்கு வந்தது. வெப் ரிங் என்பார்கள். பட்டியல் கிடையாது. ஒவ்வொருவர் பக்கத்துக்கும் அடியில் 'அடுத்த கடை' என்று ஒரு பொத்தான். லாட்ஜில் அழுத்தினால் தேன், தேனில் அழுத்தினால் ஜீப், ஜீப்பில் அழுத்தினால் மிளகு, மிளகில் அழுத்தினால் மறுபடி லாட்ஜ்.

"இதுல முதலும் இல்லீங்க, கடைசியும் இல்லீங்க" என்றேன்.

அண்ணன் யோசித்தார். "என் கடையில பூந்தவன் சுத்தி முடிச்சா மறுக்கா என் கடைக்கே வந்துருவானா?"

"வந்துருவானுங்க."

"அப்பச் சரி" என்று நாலு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

3. ஒரு எட்டு

ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு ஹிட் கவுண்டர் வைத்திருந்தேன். யாராவது பக்கத்தைத் திறந்தால் எண் ஒன்று ஏறும். அண்ணன் அதற்கு மீட்டர் என்று பெயர் வைத்தார். அதுவே நிலைத்துவிட்டது.

காலையில் பஸ் கூட்டம் வருவதற்கு முன்னால் சென்டர் காலியாகத்தான் இருக்கும். ரிங்கில் இருப்பவர்கள் அந்த நேரத்தில் காசில்லாமல் வந்து தங்கள் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தேன். ஒரு நாள் மணி உட்கார்ந்து தன் ஜீப்பைப் பார்த்துவிட்டு, அடியில் இருந்த பொத்தானை அழுத்திக்கொண்டே போயிருக்கிறான். லாட்ஜ் மீட்டர் ஏறியதை அண்ணன் கவனித்துவிட்டார்.

"மணி, நேத்து நம்ம ஊட்டுக்கு வந்திருந்தியா?"

"வந்தேனுங்கண்ணா. சும்மா ஒரு எட்டு."

"அட, நீ வந்துட்டுப் போயிருக்கே, நான் வராம இருந்தா நல்லாவா இருக்கும்?"

உடனே உட்கார்ந்து மணியின் பக்கத்துக்குப் போனார். மணியின் பக்கத்துக்கு மட்டும் போனால் செல்லம்மாக்கா என்ன நினைப்பார்? அங்கேயும் போனார். பாய் கடையை விட்டுவிட்டு வர முடியுமா? அங்கேயும் போனார். சேதி தெரிந்து செல்லம்மாக்கா சந்தைக்கு வருகிற நாளெல்லாம் தேன் குடத்தை வாசலில் இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "மணி வண்டியப் பாத்தேன், பாய் கடைக்குப் போனேன், அண்ணன் லாட்ஜுக்குப் போனேன், ஊடு வந்து சேந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே எழுந்திருப்பார். விசேஷத்துக்கு வந்தவர் வீட்டு விசேஷத்துக்கு நாமும் போயாக வேண்டும் என்பது எங்கள் பக்கம் யாரும் சொல்லித்தர வேண்டாத விஷயம். பொத்தான் விஷயத்திலும் அப்படியே நடந்துகொண்டார்கள்.

அத்தா மத்தியானம் தொழுது, சாப்பிட்டு முடித்து, தூங்குவதற்கு முன்னால் ஒரு சுற்று போவார். டயல்-அப்பில் படம் மேலிருந்து பட்டை பட்டையாக இறங்கும். "பொன்னம்மா தலை வந்துருச்சு, கை இன்னும் வரலை" என்று எனக்கு நேர்முக வர்ணனை கொடுப்பார். முழுக்க வந்ததும் எழுத்துகளைப் பேப்பர் படிப்பது போல வாய்விட்டுப் படிப்பார். தினமும் அதே எழுத்து. தினமும் படிப்பார். "விடியற்காலை வெந்நீர் உண்டு, விறகடுப்பில் காய்ச்சியது" என்கிற வரி எனக்குக் கனவில்கூடக் கேட்டது.

இதற்கிடையில் மணி ரீலோட் பொத்தானைக் கண்டுபிடித்தான். "அக்கா, இதை அமுத்துனா போயிட்டு மறுக்கா போன மாதிரி ஏறுதுங்க்கா!" ட்ரிப் இல்லாத நாளில் அவன் என்ன செய்தான் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. முன்னால் விண்ணப்பம் டைப் அடிக்க வந்தவர்கள் என் தலையைத் தின்றுகொண்டிருந்தார்கள். இவர்கள் போவது வருவதெல்லாம் மொத்தத்தில் கொஞ்சம்தான் இருக்கும், மீதி வெளியாட்கள் என்றுதான் நினைத்தேன்.

மீட்டர் ஆயிரத்தைத் தாண்டிய அன்று காளியப்பன் அண்ணன் மிட்டாய் கொடுத்தார். லாட்ஜ் வராண்டாவில் 'ரூம் உண்டு' என்று எழுதுகிற கரும்பலகையில், அதற்குக் கீழே 'இதுவரை பார்த்தவர்கள்' என்று போட்டு எண்ணைச் சாக்பீஸில் எழுதினார். அதன் பிறகு தினமும் காலையில் அழித்து எழுதுவது ஒரு வழக்கமாகிவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஆறு ரூமையும் பார்த்து முழிப்பார்கள்.

4. லைன் போன வாரம்

சந்தோஷத்தில் அண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது. "ஆயிரம் பேரு பாத்திருக்காங்க கண்ணு. அதுல கொஞ்சம் பேரு கெளம்பி வந்தாலும் எங்க படுக்க வெப்பேன்?" பின்பக்கம் உள்ள சில்வர் ஓக்கை எல்லாம் வெட்டிவிட்டு அங்கே பத்துப் புது ரூம்கள் கட்டப் போவதாகச் சொன்னார். அனுமதியெல்லாம் வாங்கிவிட்டார். ராசிபுரத்து மர வியாபாரி வந்து மரங்களைப் பார்த்துவிட்டும் போனார்.

அண்ணி அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரு நாள் சென்டருக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கண்ணு, அந்த ஆயிரம் பேரும் நெசமா வருவாங்களா?"

"பாத்தவங்க எல்லாரும் வருவாங்கன்னு சொல்ல முடியாதுங்கண்ணி."

"வராட்டி, வெட்டுன கொடி மறுக்கா வருமா? இந்த ஒசரம் ஏற எத்தனை வருசம் ஆச்சுன்னு எனக்குத்தான் தெரியும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் அண்ணனிடம் போய் என்னவென்று சொல்வது? மீட்டர்தான் பெரிதாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்ததே.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றது. டெலிபோன் லைனும் அறுந்துபோனது. ஒரு வாரத்துக்கும் மேல் நானும் அத்தாவும் சேந்தமங்கலத்திலேயே கிடந்தோம். ரோடு திறந்த அன்று முதல் பஸ்ஸில் ஏறினோம். அடிவாரத்தில் பஸ் நின்றபோது டீக்கடை ஓரம் ஒரு லாரி நின்றது. ஆட்கள் ரம்பமும் கயிறும் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "எங்கீங்க?" என்று லாரி டிரைவரிடம் அத்தா கேட்டார். "செம்மேடு லாட்ஜுங்க. மரம் வெட்ட." மலை ரோட்டின் எழுபது வளைவும் எனக்கு அன்றைக்குப் போதவில்லை. இன்னும் நாலு வளைவு இருந்தால் லாரி தாமதமாகுமே என்று நினைத்துக்கொண்டே போனேன்.

சென்டரைத் திறந்து மோடத்தைப் போட்டேன். லைன் வந்திருந்தது. வழக்கம் போல முதலில் லாட்ஜ் பக்கத்தைத் திறந்தேன். மீட்டரைப் பார்த்தேன். தலையைத் தூக்கி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கரும்பலகையைப் பார்த்தேன். மழையில் லைன் அறுந்த அன்று காலை அண்ணன் எழுதிய எண் சாரலில் லேசாகக் கரைந்து அப்படியே நின்றது. அதைவிட மீட்டரில் ஒன்றே ஒன்று அதிகம். அந்த ஒன்று, இப்போது பக்கத்தைத் திறந்த நான்.

தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாரமாகச் செம்மேட்டில் லைன் இல்லை. ஒரு வாரமாக உலகத்தில் ஒருவர்கூட எங்களைப் பார்க்கவில்லை.

செருப்பைப் போடாமலே ரோட்டைத் தாண்டி ஓடினேன். அண்ணன் பின்பக்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, லாரி வந்து நிற்க இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, மரத்தை வெட்ட வேண்டாமுங்க!"

"என்ன கண்ணு, உங்க அண்ணி சொல்லி அனுப்புனாளா?"

"இல்லீங்க. மீட்டர் ஏறலைங்க. மழை பேஞ்ச வாரம் பூரா ஏறலை."

"அதெப்படி ஏறும்? லைனே இல்லையே. ரோடு வேற அடைச்சுக் கெடந்துச்சு. வாரவன் எப்படி வருவான்?"

"நம்ம பக்கம் இங்க இல்லீங்கண்ணா. அது அமெரிக்காவுல ஒரு கம்ப்யூட்டர்ல கெடக்குது. இங்க மழை பேஞ்சா மெட்ராஸ்காரனுக்கு என்னங்க? அவன் எப்பவும் போலப் பாக்கலாம்."

"அப்ப அவன் நம்ம லைனைப் புடிச்சு வரலையா?"

"இல்லீங்க."

கையிலிருந்த கடப்பாரையைக் கீழே போட்டார். அந்த நேரம் பார்த்து ரோட்டில் லாரி ஹாரன் அடித்தது. அவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாகச் சென்டருக்குக் கூட்டி வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தேன். லாரி வந்த சத்தம் கேட்டு மணியும் வந்துவிட்டான். அன்றைக்குச் சந்தை நாள், செல்லம்மாக்காவும் இருந்தார். அத்தா மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.

"பொத்தானை அழுத்துங்கண்ணா."

அழுத்தினார். ஏறியது.

"இப்ப வந்தது யாருங்க?"

"நான்தான்."

"அதுக்கு முன்னாடி?"

"நீயி."

"அதுக்கும் முன்னாடி?"

அண்ணன் மெல்லத் திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். "போன மாசம் ஒரே நாள்ல அவ்வளவு ஏறுச்சே, மெட்ராஸ்ல லீவு போலிருக்குதுன்னு நெனச்சேனே…"

மணி தலையைச் சொறிந்தான். "அது நானுங்கண்ணா. அன்னிக்கு ட்ரிப் இல்லை."

"நான் சந்தைக்கு வாரப்ப ரெண்டு சுத்து, மூணு சுத்து போவேன்" என்றார் செல்லம்மாக்கா. "நீங்க எச்சாப் போறீங்கன்னுதான் நானும் எச்சாப் போனேன்."

அத்தா கூரையைப் பார்த்தார். "நான் மத்தியானம் மட்டுந்தான்."

"ஆயிரம் பேரும் நாமதானா?" என்றார் அண்ணன். முகத்தில் ஈயாடவில்லை. லாரிக்காரர் வாசலில் நின்று, "ஏனுங்க, ஆரம்பிக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. அண்ணி எப்போது வந்து நின்றாரோ தெரியாது. வாரக்கணக்கில் பேசாத மனுஷி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "ஏனுங்க, இவங்க நாலு பேரு படுக்கறதுக்குத்தான் பத்து ரூம் கட்டறீங்களா? பாய்க்கு எது, ஜன்னல் வெச்ச ரூமுங்களா?"

முதலில் மணி வெடித்தான். பிறகு செல்லம்மாக்கா. அத்தா சிரித்துச் சிரித்து இருமலில் போய் நின்றார். அண்ணன் எல்லோரையும் முறைத்துப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். "நானே என் ஊட்டுக்கு ஆயிரம் தடவை விருந்தாளியாப் போயிருக்கேன், எனக்கே ஒரு டீ கெடைக்கலை" என்றார். மரம் பிழைத்தது. நான் அண்ணியைக் கட்டிக்கொண்டேன்.

லாரிக்காரரை வெறுமனே அனுப்ப முடியாதே. அத்தாவின் மிளகு மூட்டைகள் மழையால் இறங்காமல் தேங்கிக் கிடந்தன. அவற்றை ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பிவைத்தார். ரம்பம் கொண்டுவந்த ஆட்களுக்கு அண்ணி சாப்பாடு போட்டார்.

5. இரண்டு ஏறிய காலை

சிரித்து முடித்த பிறகுதான் வலி தெரிந்தது. அண்ணன் கரும்பலகையில் எண்ணைத் துடைத்துவிட்டார். காலையில் ஒருவரும் சென்டர் பக்கம் வரவில்லை. மணி என்னைக் கண்டால் ஜீப்புக்கு அடியில் புகுந்துகொண்டான். அத்தாகூட மத்தியானம் நேராகத் தூங்கப் போனார். "யாருமே பாக்காத பக்கம் எதுக்கு கண்ணு, எடுத்துரு" என்று செல்லம்மாக்கா சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பக்கங்களை எழுத்தெழுத்தாகச் செய்தவள் நான். ஒரு மாதம் பார்ப்போம், அதுவரை ஒருவரும் பொத்தானைத் தொடக்கூடாது, அப்புறமும் ஆள் வராவிட்டால் நானே எடுத்துவிடுகிறேன் என்றேன். தேடுதளங்களில் இருந்த டைரக்டரிகளில் நாலு கடையையும் மறுபடி ஒழுங்காகப் பதிவு செய்தேன்.

தினமும் காலையில் நான் மட்டும் திறந்து பார்ப்பேன். நான் திறப்பதற்கு ஒன்று ஏறும். அவ்வளவுதான். நாளாக ஆக, திறக்கவே கை வராமல் போனது.

ஒரு காலை திறந்தேன். இரண்டு ஏறியிருந்தது.

கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். தேன் பக்கத்தைத் திறந்தேன். இரண்டு. ஜீப், இரண்டு. மிளகு, இரண்டு. என் கணக்கைக் கழித்தால் ஒவ்வொன்றிலும் ஒன்று. யாரோ ஒருவர் ஒரு கடையில் நுழைந்து, 'அடுத்த கடை' பொத்தானை அழுத்தி அழுத்தி, நாலு கடையையும் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

"அத்தா, நீங்க தொட்டீங்களா?"

"அல்லாஹ் மேல ஆணை, இல்லம்மா."

மணியை ஜீப்புக்கு அடியிலிருந்து காலைப் பிடித்து இழுத்துக் கேட்டேன். சத்தியம் செய்தான். செல்லம்மாக்கா மலையில் அந்தப் பக்கம் இருந்தார். காளியப்பன் அண்ணன் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே ஓடி வந்தார்.

"ஆரா இருக்கும் கண்ணு?"

"தெரியாதுங்கண்ணா. ஆனா நாம இல்லீங்க."

அவர் நேராகப் போய்ச் சாக்பீஸை எடுத்தார். 'இதுவரை பார்த்தவர்கள்: 1' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். ஆயிரம் எழுதிய அன்றைக்கு அவர் முகத்தில் நான் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்க்கவில்லை.

மத்தியானம் அத்தாவின் கடைப் போன் அடித்தது. கோயமுத்தூரிலிருந்து ஒரு பெண் குரல், நன்றாகக் கேட்கும்படி சத்தமாகப் பேசினார். வீட்டிலேயே மசாலாப்பொடி அரைத்து விற்கிறவராம். மிளகு தேடும்போது எங்கள் பக்கம் கிடைத்ததாம். மிளகு விவரம் கேட்டுவிட்டு, "பாய், ஒரு லாட்ஜ் பக்கத்துல ஒரு அம்மா மிளகுக் கொடியக் கையில புடிச்சுட்டு நிக்கறாங்களே, அந்தக் கொடி இப்பவும் இருக்குதுங்களா? எங்க பசங்க மிளகைப் பாக்கெட்ல மட்டுந்தான் பாத்திருக்குதுங்க" என்றார்.

"இருக்குதும்மா" என்றார் அத்தா. "மூணாம் நம்பர் ரூம் கேளுங்க, ஜன்னலைத் தொறந்தா கொடி கைக்கு எட்டும். வெந்நீர் விடியற்காலை மட்டுந்தான், விறகடுப்புல காய்ச்சறது. கம்பளி அவங்களே கொடுப்பாங்க. அருவிக்குப் போறதுன்னா மணி ஜீப்பு இருக்குது. பசங்களைப் பின் சீட்டுல உக்கார வெக்காதீங்க, வளைவுல வாந்தி எடுப்பாங்க. தேன் வேணும்னா சந்தை நாளாப் பாத்து வாங்க, செல்லம்மா வரும்."

கம்ப்யூட்டர் அவருக்கு எட்டடி தள்ளி அணைந்து கிடந்தது. ஒரு வார்த்தைக்குக்கூட அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பகல் பகலாக வாய்விட்டுப் படித்ததெல்லாம் மனசில் இருந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அந்த அம்மா சிரித்துக்கொண்டே கேட்டது எனக்கே கேட்டது. "எல்லாக் கடையும் உங்களுதுதானுங்களா பாய்?"

"இல்லம்மா" என்றார் அத்தா. "ஆனா நம்ம கடைகதான்."

அடுத்த சந்தை நாளுக்கு அவர்கள் இரண்டு குடும்பமாக வந்தார்கள். மூணாம் நம்பர் ரூமுக்குச் சண்டை. அண்ணி பிள்ளைகளைக் கொடிக்கு அடியில் நிறுத்தி, பச்சை மிளகைப் பறித்துக் கடிக்கச் சொல்லி, அதுகள் 'ஆ ஊ' என்று குதிப்பதைப் பார்த்து ரசித்தார். வந்த அம்மா, படத்தில் அண்ணி நின்றது போலவே கொடியைக் கையில் ஏந்திக்கொண்டு நின்று படம் எடுத்துக்கொண்டார்.

"ரூம் கட்டியிருந்தா இந்நேரம் சொவத்தைப் புடிச்சுட்டு நின்னிருப்பாங்க" என்று அண்ணி புருஷன் காதில் படும்படி சொன்னார். அண்ணன் கேட்காதது போல வெந்நீர் அடுப்புக்கு விறகு எடுக்கப் போனார்.

6. இன்றைக்கும் என் கடைச் சட்டம்

அந்த ரிங் வருடக்கணக்கில் ஓடியது. கடைகள் சேர்ந்தன. நான் பிறகு சேலத்துக்கு வந்து, பெரிய ஆபீஸ் போட்டு, உங்களையெல்லாம் வேலைக்கு வைத்துத் திட்டிக்கொண்டிருக்கிறேன். ஒருவர் சைட்டை ஒருவர் தூக்கிவிடுவதற்கு இப்போது ஆயிரம் பெயர் வைத்துக்கொண்டு வருகிறீர்கள். பேர் எதுவாயிருந்தாலும் எனக்கு ஒன்றுதான். என் கஸ்டமர் ஒருவர் இன்னொரு கடைக்கு லிங்க் கொடுக்க வேண்டுமென்றால், முதலில் அந்தக் கடைக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். வந்ததும் நான் கேள்வி கேட்பேன். அந்தக் கடையில் என்ன நல்லா இருக்கும், என்ன நல்லா இருக்காது, எந்தக் கிழமை அடைப்பு? பதில் தெரிந்தால் லிங்க், தெரியாவிட்டால் மறுபடி போ. ஆளை ஏமாற்றி எண்ணை ஏற்றுகிற வேலை என் ஆபீஸில் நடக்காது. அதை எங்களைவிட நன்றாக யாரும் செய்துவிட முடியாது, செய்து பார்த்து முடித்துவிட்டோம்.

செம்மேட்டில் இருந்தபோதே, கோயமுத்தூர்க் குடும்பங்கள் வந்துபோன கையோடு, அந்த மீட்டரை நாலு பக்கத்திலிருந்தும் கழற்றிவிட்டேன். கழற்றிய மறுநாள் காலை காளியப்பன் அண்ணன் பழையபடி வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார்.

"அண்ணா, மீட்டரைத்தான் எடுத்தாச்சே, இன்னும் எதுக்குங்க போறீங்க?" என்றேன்.

"எண்ணறதுக்கா கண்ணு போவாங்க?" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பாய் கடையில புதுசா காப்பிக்கொட்டை படம் போட்டிருக்கியாமே. கேக்கறவங்களுக்குச் சொல்லணுமில்ல. ஒரு எட்டு பாத்துட்டு வாரேன்."

படம் மேலிருந்து பட்டை பட்டையாக இறங்க ஆரம்பித்தது. முழுக்க வரும்வரை அவர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.